வாசலில் கழற்றிய ஷூ

போன வாரம் ஒரு தபால் கார்டு வந்தது. காஞ்சிபுரத்திலிருந்து. நான்கே வரி.

'சார், கால் நல்லா இருக்குது. நான்தான் விழுந்துக்கினே இருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு தடவை வந்து பாருங்க. ஏகாம்பரம்.'

என்ன மனுஷர் பாருங்கள்... விழுவதும் அவர், பழியும் அவர்மேலேயே!

ஏகாம்பரம் பட்டு நெசவாளி. லாரிச் சக்கரத்தில் வலது கால் போயிற்று, முழங்காலுக்குக் கீழே. செயற்கைக் கால் செய்வதும், செய்யக் கற்றுக்கொடுப்பதும்தான் என் பிழைப்பு என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும். மெட்ராஸில் என் வகுப்பில், பெல்பாட்டம் மாணவர்கள் சுற்றி நிற்க, அவருக்குக் காலை மாட்டினேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்தார். கம்பியை விட்டார். திரும்பினார். மழை விட்டதும் முற்றத்துக்கு வரும் மைனா மாதிரி — தலையை ஆட்டிக்கொண்டு ஒரு நடை! மாணவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள இதைவிட நாசூக்கான வழி ஏது?

அந்தக் கால்தான் இப்போது ஆளைத் தள்ளுகிறது. புதன்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன்.

காஞ்சிபுரம் நான் பிறந்த ஊர். அந்தத் தெருவுக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம். ஒரு வீட்டின் 'டக்' அடங்குமுன் அடுத்த வீட்டின் 'டக்'... ஒரு வீட்டில் மட்டும் சத்தமில்லை. விலாசம் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஏகாம்பரம் தெருவிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் விறுவிறுவென்று எதிரே நடந்து வந்தார். ஒரு குறையும் இல்லாத நடை!

"நல்லாத்தானே நடக்கறீங்க? எங்கே விழறீங்க?"

"உள்ள வாங்க சார், காட்டறேன்" என்றார், ஏதோ புது அலமாரியைக் காட்டுகிறவர் போல.

வாசலில் நான் செருப்பைக் கழற்றினேன். அவர் ஷூவைக் கழற்றினார். உள்ளே ஓர் அடி வைத்தார். யாரோ மார்பில் கைவைத்துத் தள்ளியது போல் பின்னால் சாய்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நான் சுவரைப் பார்க்கவில்லை. வாசலில் கிடந்த ஷூவைப் பார்த்தேன். ஹீல், முக்கால் அங்குலம்.

விஷயம் இதுதான். செயற்கைக் காலை ஷூவின் ஹீல் உயரத்துக்குத் தக்கபடிதான் நிறுத்துகிறோம். ஷூ போனால் குதிகால் கீழே இறங்கும், கால் ஆளைப் பின்னுக்குத் தள்ளும். 'அளவெடுக்குமுன் ஷூவைப் பார்' — எங்கள் புத்தகத்தில் முதல் பாடம். பல வருஷமாக நடத்துகிறேன். அந்தப் புத்தகம் எழுதப்பட்ட தேசத்தில் ஷூவோடுதான் அடுப்படிக்கும் போவார்களோ என்னவோ. ஆனால் நான்?

"வீட்டுக்குள்ளேயும் ஷூ போட்டுக்கலாமே..." என்று ஒப்புக்கு இழுத்தேன்.

ஏகாம்பரத்தின் மனைவி வள்ளியம்மா தறி ஓரத்திலிருந்து நிமிர்ந்தார். "தறிக்குழியில ஷூவோட எறங்கறதா? ஏன் சார், நீங்க இந்த ஊர்க்காரர்னு சொன்னாரே... நெசந்தானா?"

நெசந்தான். அதுதானே வெட்கம்!

அப்புறம்தான் வெள்ளிக்கிழமை சமாசாரம் தெரிந்தது. புதுக் கால் வந்த உற்சாகத்தில் நெய்யக் கொடுக்கும் முதலாளியிடம் புதுப் பாவு, அதாவது சேலைக்கான நெடுக்கு நூல், வாங்கித் தறியில் ஏற்றிவிட்டார். கல்யாணச் சேலை. ஒரு சாண்கூட நகரவில்லை. வெள்ளிக்கிழமை முதலாளி வந்து பார்ப்பார். நெய்திருக்காவிட்டால் பாவு வேறு வீட்டுத் தறிக்குப் போய்விடும்.

ஏகாம்பரம் சொன்னார்: "முதலாளி மேல தப்பு இல்ல சார். கல்யாணம் காத்துக்கினு இருக்குமா? ஆனா ஒரு தடவை பாவு கைவிட்டுப் போச்சுன்னா, 'அவன் கால் இல்லாதவன்பா'ன்னு பேரு நின்னுடும். அப்பால யாரும் குடுக்க மாட்டாங்க."

பக்கத்துத் தெரு ஆசாரியிடம் இழைப்புளி இரவல் வாங்கினேன். பாதத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, கணுக்கால் மரத்தின் முன்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவினேன். மாட்டினேன். நிற்கவைத்தேன். மறுபடி சீவினேன். நாலாவது தடவை வெறுங்காலோடு, சுவரைத் தொடாமல், கொல்லைவரை போய்த் திரும்பினார்.

"ஆச்சு!" என்றேன்.

"நிக்கவெச்சுப் பாத்தீங்க, நடக்கவெச்சுப் பாத்தீங்க" என்றார் வள்ளியம்மா. "ஒக்காரவெச்சுப் பாத்தீங்களா?"

இல்லை. பார்க்கவில்லை. கீழே மிதிப்பலகை உள்ள தறிக்குழியில் ஏகாம்பரம் இறங்கி உட்கார்ந்து முழங்காலை மடக்கியதும், செயற்கைக் காலின் மேல் பின்விளிம்பு தொடையில் கத்தியாக இறங்கியது. அதையும் அரத்தால் ராவினேன். எங்கள் வகுப்பறைத் தரையில் ஒரு குழி வெட்டச் சொல்லி பிரின்சிபாலிடம் கேட்கப்போகிறேன். என்னைத்தான் அதில் இறக்குவார்!

வலி போயிற்று. ஆனால் ஏகாம்பரம் மிதிக்கவில்லை. குனிந்து குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிதிப்பலகை எங்க இருக்குதுன்னே தெரியல சார். காலுக்குத் தெரியணுமே..."

உணர்ச்சியை எந்த அரத்தால் ராவுவது?

வள்ளியம்மா, கரைக்குக் குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "குழியில இன்னா வெச்சிருக்குது? மேல நூலைப் பாரு. நூலு பிரிஞ்சா மிதிச்சிட்டேன்னு அர்த்தம். பிரியலன்னா மிதிக்கல. இதுக்குப் போய்..."

மிதித்தார். பிரியவில்லை. மறுபடி... பாதி பிரிந்தது. மறுபடி... பளிச்சென்று வாய் திறந்தது பாவு! நாடா பாய்ந்தது. டக்.

"வந்துச்சுடி!"

"வந்துச்சு, வந்துச்சு. அடுத்ததை மிதி."

மெட்ராஸில் வகுப்புக்கு லீவு. காரணமாக என்ன தந்தி கொடுத்தேன் என்பது நமக்குள் வேண்டாம். வெள்ளிக்கிழமைவரை அங்கேயே இருந்தேன். அறுந்த இழைகள், வசவுகள், நடுநடுவே காபி. இரண்டு சாண் சேலை வளர்ந்திருந்தது.

முதலாளி வந்தார். செருப்பை வாசலில் விட்டார். நேரே தறிக்கு வந்து, நெய்த பட்டின்மேல் விரலை ஓட்டினார். கரையும் உடலும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். வள்ளியம்மா மூச்சுவிடவில்லை. நானும்தான்.

"அடி சீரா விழுந்திருக்குது. சீக்கிரம் முடிபா... அடுத்த பாவும் இங்கயே ஏத்திடலாம்."

அவ்வளவுதான். போய்விட்டார்.

ஏகாம்பரம் சிரித்தார். வள்ளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை...

இருந்தாலும் அந்த மனுஷர் ஒரு தடவையாவது குனிந்து, காலைப் பார்த்திருக்கலாம்!