யாரும் தேடாத பெட்டி

பூட்டுக்காரர் தன் வாழ்நாளில் எத்தனை சாவி செய்தார் என்று யாருக்கும் தெரியாது. எதையும் குறித்து வைப்பதில்லை என்பதைத் தொழில் சுத்தமாகவே அவர் வைத்திருந்தார். சாவியைத் தொலைத்துவிட்டு யாராவது வந்தால் பூட்டின் உள்ளே மெழுகு விட்டு அச்சு எடுப்பார், பித்தளைத் துண்டை அராவுவார், பூட்டு திறந்ததும் அந்த மெழுகை வந்தவரின் கண் முன்னாலேயே விரலால் நசுக்கி உருட்டிவிடுவார். "பாத்துக்கிட்டீங்களா? உங்க வீட்டுக்கு வழி இனி எனக்குத் தெரியாது" என்பார். நாற்பத்தெட்டு வருடம் அப்படியே ஓடியது. பூட்டைவிட நசுக்கிய மெழுகுக்குத்தான் பெயர் போனவர் அவர்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவருக்கு எழுபத்து நாலு வயது. பக்கவாதம் வலப் பக்கத்தைக் கொண்டுபோயிருந்தது. வாயும் இடக் கையும் மிச்சம். நான் நர்ஸ் இல்லை, படுக்கை நோயாளிகளைக் கவனிக்கப் பயிற்சி எடுத்தவள் என்று மூன்று முறை சொன்னேன். "சரிங்க நர்சம்மா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

வீட்டில் அவரும் மகளும்தான். மகள் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. நாற்பத்தாறு வயதுக்காரியை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். முதல் நாளே அவள் என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே சொன்னாள்.

"ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. டாக்டர் ரெண்டு மாசம்னு சொல்லிட்டார். அப்பாவுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"சத்தியமெல்லாம் எனக்கு வராது. நானா வாயைத் திறக்க மாட்டேன். அவர் நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான்."

"அவர் கேக்க மாட்டார்" என்று குழாயை மூடினாள்.

பகல் முழுக்க அவருக்குத் துணை ஒரு டேப்லெட். மகள் தான் பயன்படுத்திய பழையதை ஒரு வருடம் முன்பே கொடுத்திருந்தாள். அதில் அவர் பார்த்தது எல்லாம் பூட்டு. எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ பழைய பூட்டுகளைப் பிரித்துக் காட்டுவார்கள். இவர் படுத்தபடியே திட்டுவார். "டேய், அப்படித் திருகாதடா, ஸ்பிரிங் தெறிச்சிடும். சொன்னேனா? தெறிச்சுதா? போ, தேடு." நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இரண்டாம் வாரம், பூட்டு வீடியோ நடுவில் ரப்பர் விரிப்புக்கு ஒரு விளம்பரம் வந்தது. படுக்கை நனையாமல் இருக்கப் போடுவது. விளம்பரம்தானே என்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அவருக்குச் சிறுநீர் கட்டுப்பாடு போனது. அதே மாதிரி விரிப்பை நானே வாங்கி வந்து போட்டேன்.

அடுத்து படுக்கைப் புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை. ஒரு திங்கட்கிழமை வந்தது. வியாழக்கிழமை முதுகு துடைக்கத் திருப்பினபோது வால் எலும்பின் மேல் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் சிவந்திருந்தது. புதன்கிழமை வரை அது இல்லை. நான் தினமும் பார்க்கிறவள், எனக்குத் தெரியும்.

அதற்கடுத்து சளி உறிஞ்சும் கருவி. நான்கு நாள் கழித்து அவர் மார்பில் கரகரவென்று சத்தம் தொடங்கியது.

பயப்படுகிற ஆள் இல்லை நான். இருபத்திரண்டு வீடுகளில் கடைசி வரை இருந்திருக்கிறேன். விரிப்பு, மெத்தை, கருவி என்று சாமான்கள் எந்த வரிசையில் வீட்டுக்குள் வரும் என்பது எனக்கு மனப்பாடம். யாரிடமும் சொன்னதில்லை, எங்கும் எழுதினதும் இல்லை. அந்த வரிசை தெரிந்த இன்னொன்று இப்போது அந்த அறையில் இருந்தது. எனக்குச் சில நாள் முன்னால் நடந்துகொண்டிருந்தது. அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும் என்பதால், அன்று முதல் டேப்லெட்டில் விளம்பரம் வரும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்கு வைத்துக் குறுக்கே போய் நின்றேன்.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். மெல்லிய இசை கேட்டது. உள்ளே ஓடினேன். திரையில் வெள்ளைப் பெட்டி, கண்ணாடி மூடி, பக்கவாட்டில் நீலக் கோடு. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன், இருபத்து நான்கு மணி நேரமும் வீட்டுக்கே கொண்டுவந்து வைப்போம் என்று பணிவாகச் சொன்னான். தள்ள முடியாத பதினைந்து வினாடி. அவர் முழுதும் பார்த்தார். பிறகு பித்தளைப் பூட்டு திரும்ப வந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"நர்சம்மா, இந்த வீட்ல ஐஸ் பெட்டி தேடினது யாரு?"

"நான் தேடல."

"அப்ப பாப்பாவா?"

"அதை அவகிட்டதான் கேக்கணும்."

அவர் கேட்கவில்லை. சாயங்காலம் மகள் வந்ததும் நான்தான் சமையலறைக்கு இழுத்துப் போனேன். குழாயை அவள் திறந்துவிட்டாள்.

"ஐயோ, நான் எதுக்கு அதைத் தேடறேன்! மெத்தை பாத்தேன். அதுவும் நீங்க புண்ணு வருதுன்னு சொன்னதுக்கு அப்புறம்தான்."

"மெத்தை அதுக்கு முன்னாடியே வந்துச்சு."

டேப்லெட்டைக் கொண்டுவந்து பார்த்தோம். மேல் மூலையில் அவள் பெயர். கொடுத்தபோது தன் கணக்கை மூடாமலே கொடுத்திருக்கிறாள். பூட்டுக்காரர் பெண்ணுக்குப் பூட்ட மறந்துபோயிருக்கிறது. அவள் கைபேசியில் பார்த்ததும் இவர் டேப்லெட்டில் பார்த்ததும் ஒரே மூட்டையாகச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பார்த்தவை, தேடியவை என்று முழுப் பட்டியலும் அதில் இருந்தது. சிறுநீரகம் பற்றி அவள் தேடியது இருந்தது. ஐஸ் பெட்டி இல்லை. யாரும் தேடவில்லை.

இன்னும் கீழே தள்ளினோம். பக்கவாதத்துக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு வீடியோ, விரல்கள் மரத்துப் போவது ஏன் என்று. பதினொரு தடவை பார்க்கப்பட்டிருந்தது.

மகள் சுவரில் சாய்ந்தாள். "எங்கிட்ட சொல்லவே இல்லையே. அப்பதான் குளியலறைக் கைப்பிடிக் கம்பி விளம்பரமா வந்துச்சு. 'கம்பியப் புடிச்சுத் தொங்க நான் என்ன குரங்கா'ன்னு சிரிச்சார். நானும் சிரிச்சேன்."

உள் அறையிலிருந்து குரல் வந்தது. "குழாயை மூடு பாப்பா. தண்ணி வீணாகுது. சொல்றதை இங்க வந்து சொல்லு."

அவள் மூடினாள். போய், "ஒண்ணுமில்லப்பா, பள்ளிக்கூட விஷயம்" என்றாள். அவர் சரி என்றார்.

மறுநாள் அவள் போனதும் என்னிடம் சொன்னார். "நாலு பல்லுச் சாவில மூணு பல்லு கையில கிடைச்சா போதும், நாலாவதை நான் பாக்காமலே அராவிடுவேன். இதுவும் அதைத்தான் செய்யுது. என் அச்சு எவன்கிட்டயோ இருக்கு. அவன் யாருன்னு தெரியல, அவனுக்கு என்னைத் தெரியுது. நல்லாவா இருக்கு?"

"நல்லா இல்ல."

"நசுக்கணும்."

கைபேசி பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரி வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டே கேட்டாள்.

"விளம்பரம் மட்டும் போனா போதுமா, இல்ல வேவு பாக்கறதும் போகணுமாம்மா?"

"ரெண்டும் வேற வேறயா?"

"பின்ன? மாசாமாசம் காசு கட்டினா விளம்பரம் வராது. ஆனா நீங்க என்ன பாக்கறீங்கன்னு அவங்க குறிச்சுக்கிட்டேதான் இருப்பாங்க. வாயை மூடிக்கிட்டுப் பாக்கற ஆளு மாதிரி."

அது வேண்டாம் என்றேன். அவள் வழிகளைச் சொன்னாள். விளம்பரத் தடுப்பு உள்ள உலாவியைப் போட்டு, உள்நுழையாமல் பார்க்கலாம். அல்லது அதே வீடியோக்களை ஓட்டும் இலவசச் செயலி ஒன்று இருக்கிறது, அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், கணக்கே கேட்காது, பிடித்த சேனல்களின் பட்டியலைக் கருவிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். "யாராவது அனுப்பற லிங்க்லேருந்து மட்டும் எறக்கிடாதீங்க, திருடனுக்குப் பயந்து கொள்ளைக்காரனைக் கூப்பிட்ட கதையாயிடும். அதைச் செஞ்சவங்க பக்கத்துலேருந்துதான் எடுக்கணும். அப்பப்ப மக்கர் பண்ணும், புதுப்பிக்கணும். உங்க வீட்டு நெட்டு எதுன்னு வீடியோ கம்பெனிக்குத் தெரியத்தான் செய்யும். அதுவும் கூடாதுன்னா மெமரி கார்டு." வீடியோ செய்தவரே இறக்கிக்கொள்ளச் சொல்லி வைத்தவற்றைக் கார்டில் ஏற்றி, வைஃபையை அணைத்துவிட்டுப் பார்ப்பது அந்த வழி.

எல்லாவற்றையும் வந்து சொன்னேன். பூட்டுக்காரர் தராசில் போட்டு நிறுத்தார். "வீடியோ போடறவன் பொழைக்க வேணாமா? விளம்பரத்தை நிறுத்திட்டா அவனுக்கு என்ன கிடைக்கும்?" பிறகு தானே சொன்னார். "பித்தளைப் பூட்டு வீடியோக்காரன் தன் பக்கத்துலயே வீடியோவை விக்கறானே. பாப்பாவை விட்டு அவன்கிட்ட நேரா வாங்கச் சொல்றேன்." செயலி, அதோடு கார்டு, இரண்டும் என்று முடிவானது.

ஞாயிற்றுக்கிழமை மகள் கட்டிலருகே உட்கார்ந்து செய்தாள். கண் முன்னால் செய்ய வேண்டும் என்பது அவர் கட்டளை. வரலாற்றை அழித்தாள். கணக்கிலிருந்து வெளியேறினாள். டேப்லெட்டை வாங்கினபோது இருந்த நிலைக்கே கொண்டுபோனாள். புதுச் செயலியைப் போட்டாள். அவர் ஒவ்வொரு தட்டலையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நசுக்கியாச்சா?"

"ஆச்சுப்பா."

பித்தளைப் பூட்டு ஓடியது. நடுவில் எதுவும் வரவில்லை. பத்து நிமிடம் அறையில் அராவும் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு சுத்தமாக ஒரு வீடியோவை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. முடிந்ததும் திரையைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்த வீட்ல எனக்கு நேரா விஷயம் சொன்னது அது ஒண்ணுதான். அதையும் வெளிய அனுப்பியாச்சு. இனிமே சொல்ல வேற ஆள் இல்ல. நீ சொல்லு பாப்பா."

அவள் எழுந்தாள், சமையலறைப் பக்கம் போகப் போனாள். நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேன். நகரவில்லை. அவள் திரும்ப உட்கார்ந்தாள். கிட்னி, டாக்டர், இரண்டு மாதம், எல்லாவற்றையும் குழாய்ச் சத்தம் இல்லாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், "எத்தனை நாள் போச்சு அதுல?" என்று மட்டும் கேட்டார்.

"நாப்பது."

"நாப்பது நாளாவா குழாயைத் திறந்துவிட்ட? தொட்டி காலியாகியிருக்குமே" என்றார். அவள் சிரித்தாளா அழுதாளா என்று பார்க்க நான் நிற்கவில்லை. விரிப்பு மாற்றும் நேரம் ஆகிவிட்டது.

பதினேழு நாள் இருந்தார். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் ஒரு சாவி அராவினாள். கோணல் சாவி. பூட்டு திறந்தது. மெழுகை அவரே இடக் கையால் நசுக்கினார்.

அவர் போனதும் மகள் தொலைபேசியில் யாரையோ அழைத்து ஐஸ் பெட்டிக்கு ஏற்பாடு செய்தாள். விளம்பரத்தில் வந்தவர்களை அல்ல, எண் கூட நாங்கள் பார்த்து வைக்கவில்லை. வந்த பெட்டிக்குப் பக்கவாட்டில் நீலக் கோடு இருந்தது. எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் செய்வதாக இருக்கலாம். மகளும் நானும் அதைப் பார்த்தோம்.

போன மாதம் இன்னொரு வீட்டுக்கு வேலைக்குப் போனேன். பேருந்தில் கைபேசியில் ஏதோ சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் குளியலறைக் கைப்பிடிக் கம்பி வந்தது. அதற்கு முந்தின வாரம் என் குளியலறையில் நான் வழுக்கி விழுந்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எதையும் தேடவில்லை. வீட்டில் தனியாக இருக்கிறவள், சொல்ல ஆளும் இல்லை.

அன்றே வரலாற்றை அழித்து, கணக்கை மூடி, அந்தச் செயலியை எனக்கும் போட்டுக்கொண்டேன். போகிற வீடுகளில் என் கைபேசியை அவர்கள் வைஃபையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன். கம்பி தேவைதான், பக்கத்துத் தெரு இரும்புக் கடையில் வாங்கி மாட்டியாயிற்று. அடுத்தது ரப்பர் விரிப்பு என்று எனக்குத் தெரியும். அதற்கும் தெரியும்.