நன்றி, அடுத்தவர்

கண்டியில் எங்கள் தேவாலய மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் இளைஞர்களோடு வட்டமாக உட்கார்ந்து வேதாகமத்தின் தீர்க்கதரிசிப் புத்தகங்களை வாசித்துவந்தேன். ஒரு பகுதியை இரண்டு முறை வாசிப்போம். கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம். பிறகு ஒவ்வொருவரும் தம் மனதில் நின்ற சொல்லைச் சொல்வார்கள். யாரும் விளக்கக் கூடாது, திருத்தக் கூடாது, பதில் சொல்லக் கூடாது. நடத்துகிறவர் 'நன்றி' என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்க்க வேண்டும். ஒரு பயிற்சியில் கற்றுவந்த இந்த விதியை வேதவாக்காகவே பிடித்துக்கொண்டிருந்தேன். பிரசங்கம் செய்து பிள்ளைகளைத் தூங்கவைக்கும் பெரியவர்களைவிட நான் ஒரு படி மேல் என்ற நினைப்பு வேறு.

ரோட்டில் சோதனைச்சாவடிகள் முளைத்திருந்த காலம் அது. புசல்லாவைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு பெண்பிள்ளை எங்கள் வட்டத்தில் இருந்தாள். அவளுடைய அண்ணனைச் சாவடியொன்றில் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகியிருந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. வீட்டில் சிங்களம் எழுதத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அண்ணனை விடச்சொல்லி வாரம் ஒரு மனு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று வாசித்தது, அந்நிய நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்ட ஜனங்களுக்குத் தீர்க்கதரிசி எழுதிய கடிதம். அங்கேயே வீடு கட்டிக் குடியிருக்கச் சொல்கிறது அது. எழுபது வருடம் போன பிறகுதான் திரும்புவீர்கள் என்கிறது. அந்த நாடுகடத்தலைத் தமிழ் வேதாகமத்தில் 'சிறையிருப்பு' என்றுதான் போட்டிருக்கிறது.

அவள் முறை வந்தது. "சிறையிருப்பு," என்றாள். பிறகு, "எழுபது வருசம்னு போட்டிருக்கு. அப்ப எங்க அண்ணன் வரமாட்டாரு," என்றாள்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஜெயில் இல்லை என்று ஒரு வாக்கியத்தில் தீர்த்திருக்கலாம். ஆனால் விதி. "நன்றி," என்று சொல்லிவிட்டு அடுத்த பையனைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. மூன்றாம் வாரம் தேடிப் போனேன். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அவளுடைய அம்மா அவர்கள் குடியிருந்த லயத்து அறை வாசலில் நின்றபடியே சொன்னார்: "மனு எழுத மாட்டேங்குறா டீச்சர். ஆண்டவரே எழுபது வருசம்னு சொல்லிட்டாராம். நீங்களும் அதுக்கு நன்றி சொன்னீங்களாம்."

உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அது ஜெயில் இல்லம்மா. அந்த ஜனங்கள வேற நாட்டுக்குக் கொண்டுபோய் அங்கயே இருக்க வச்சாங்க. அதத்தான் அப்படி எழுதியிருக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க பூட்டனையும் இந்தியாவுலருந்து தோட்டத்து வேலைக்கு அப்படித்தானே டீச்சர் கொண்டுவந்தாங்க. அவரும் திரும்பிப் போகலயே."

இந்த முறை என்னை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆனாலும், மனுக்களை எந்த விலாசத்துக்கு அனுப்புவாள் என்றுதான் கேட்டேன்.

என் அரைகுறைச் சிங்களத்தில் நானே சில மனுக்கள் எழுதிப் போட்டேன். அவளுடைய அண்ணன் வரவேயில்லை. அவள் விடாமல் எழுதியிருந்தால் வந்திருப்பாரோ என்று இன்றைக்கும் மனசு அரிக்கிறது.

வட்டம் இப்போதும் நடக்கிறது. 'சிறையிருப்பு' என்ற சொல் வந்தால் வாசிப்பை நிறுத்தி உடனே விளக்கிவிடுகிறேன். பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். அவர்களில் யாருக்கும் அந்த விளக்கம் இதுவரை தேவைப்பட்டதில்லை.