எங்கள் லைன் வீட்டு வியாழக்கிழமைகள்

நிலவேம்புக் கஷாயம் கொதிக்கும்போது வருமே ஒரு கசப்பு வாசனை... அந்த வருஷம் ஐப்பசி முழுக்க எங்கள் வீட்டில் அதுதான். குடிக்கவே வேண்டாம், மோந்தாலே நாக்கு கசக்கும்.

அப்போது திருவானைக்காவலில் லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒட்டி ஒட்டி ஆறு வீடு. என் வீட்டுக்காரருக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. மகள் திவ்யா மூன்றாம் வகுப்பு. காவிரி பக்கத்திலேயே ஓடினாலும் எங்கள் குழாயில் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். அதனால் வீட்டுக்கு வீடு சிமென்ட் தொட்டி, பிளாஸ்டிக் டிரம், குடம், அண்டா...

அந்த ஐப்பசியில்தான் திவ்யாவுக்கு டெங்கு வந்தது. பிளேட்லெட் இறங்க இறங்க என் உயிரே என்னிடம் இல்லை. ஒரு வழியாகத் தேறி வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "இன்னொரு தடவ வந்தா இதவிடக் கஷ்டமாயிடலாம்மா. கொசு கடிக்காம பாத்துக்குங்க."

எப்படிப் பார்த்துக்கொள்வது? பகலில் கடிக்கிற கொசு. நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுமாம். என் தொட்டியை மட்டும் நான் மூடி வைத்து என்ன பிரயோஜனம்... பக்கத்து வீட்டில் பிறக்கிற கொசு என்னைக் கேட்டுவிட்டா உள்ளே வரும்?

அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் தொட்டிகளில் கொசு மருந்து ஊற்ற வந்த சுகாதாரப் பணியாளர்கள் லைன் மொத்தத்தையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். வாராவாரம் வெள்ளிக்கிழமை எல்லாத் தொட்டியையும் காலி செய்து உட்புறம் தேய்க்க வேண்டும், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது என்றார்கள். அழகாகத் தலையாட்டினோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு வீட்டிலும் ஒரு சொம்பு கூடக் கவிழவில்லை. நான் மட்டும் பிள்ளையை நினைத்த பயத்தில் தொட்டி, குடம் எல்லாவற்றையும் காலி செய்து தேய்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வீட்டு சரோஜா அக்கா பார்த்துவிட்டார். லைனுக்கே மூத்தவர். சுத்தத்துக்குப் பேர்போனவர். கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும்.

"என்ன மாலதி, வெள்ளிக்கிழமையும் அதுவுமா குடத்தக் கவுத்து வச்சிருக்க? மகாலட்சுமிய நீயே வெளிய போகச் சொல்ற மாதிரியில்ல இருக்கு."

திட்டிவிட்டுப் போய்விட்டால் அவர் சரோஜா அக்கா இல்லையே! தன் தொட்டியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மொண்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, இடுப்பில் சுமந்துவந்து என் அடுப்படியில் இறக்கினார். என் வீடு வெறுமையாக இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தத் தண்ணீரை எவர்சில்வர் அண்டாவில் ஊற்றினேன்... அடியில் ஏதோ நெளிந்தது. கொசுப்புழு. ஒன்றிரண்டு இல்லை.

அண்டாவைக் காட்டினேன். அக்கா குனிந்து வெகுநேரம் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"உம் புள்ளைக்கு நானே கொண்டாந்து குடுத்துட்டனா..." என்றார்.

அன்று சாயங்காலமே ஆறு வீட்டுப் பெண்களையும் கூட்டிவிட்டார். தன் தொட்டியில் புழு இருந்ததைத் தானே சொன்னார். அந்தத் தைரியம் எத்தனை பேருக்கு வரும்? வெள்ளிக்கிழமை காலி செய்யச் சொன்னால் தான் உட்பட ஒருத்தியும் செய்யப் போவதில்லை, அதைப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்றும் சொன்னார்.

"வியாழக்கிழமை சாயங்காலம் எப்படியும் விளக்கு, பூஜை சாமானெல்லாம் தேய்க்கிறோம்ல? அந்தக் கையோட தொட்டியையும் தேய்ச்சுடுவோம். விடிஞ்சா வெள்ளிக்கிழமை, எல்லாம் நெறஞ்சிருக்கும்."

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டது!

வியாழன் சாயங்காலம் ஆனால் புளி வாசனையும் தேங்காய் நார் தேய்க்கிற சத்தமும்தான். குழாய் வராத வியாழனில் தெருமுனை அடிபம்பு கைகொடுத்தது. டிரம்முக்குப் பழைய வேட்டியில் மூடி தைத்துக் கட்டினோம். மொட்டைமாடி ஆண்களின் பொறுப்பு... தேங்காய்ச் சிரட்டை, உடைந்த பக்கெட், ஓட்டை டயர் எல்லாம் கீழே வந்தன. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கும், அதில் தண்ணீர் நிற்கும் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும். ஒருத்தி வீட்டுத் தொட்டிக்குள் இன்னொருத்தி டார்ச் அடித்துப் பார்ப்பாள். சின்னச் சின்ன சண்டையும் வரும். வராமல் இருக்குமா?

கார்த்திகையில் ஒரு நாள் காலையில் திவ்யாவுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள். ரிசல்ட் வரும்வரை நான் வேண்டாத தெய்வம் இல்லை.

டெங்கு இல்லை. சாதாரணக் காய்ச்சல்தான்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால்... லைன் முழுக்க ஈரம். ஆறு வீட்டுக் குடமும் அண்டாவும் வாசலில் கவிழ்ந்து கிடந்தன. முந்தின நாள்தான் தேய்த்திருந்தார்கள். ஒரு புழு கூட இல்லை என்று தெரிந்தும், மனசு கேட்காமல் மறுபடியும் எல்லாவற்றையும் கொட்டித் தேய்த்திருந்தார்கள். எங்கள் வீட்டுத் தொட்டியையும் சேர்த்து.

அன்று வெள்ளிக்கிழமை.

சரோஜா அக்கா திவ்யாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எங்க மகாலட்சுமி ஆஸ்பத்திரிக்குல்ல போயிருந்தா. வந்துட்டா, இனிமே ரொப்பிக்குவோம்" என்றார்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் லைனில் ஒருவருக்கும் டெங்கு வரவில்லை. திவ்யாவுக்கு அதன் பிறகு வரவே இல்லை. தேங்காய் நாரும் கையுமாக ஆறு பெண்கள் செய்த காரியம் அது. சேலை கட்டினவளுக்குக் காலர் ஏது... இருந்தால் இன்றைக்கும் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

இப்போது ஸ்ரீரங்கத்தில் அபார்ட்மென்ட். மாதாமாதம் ஆள் வந்து புகை அடித்துவிட்டுப் போகிறார். போன வாரம் மேல் வீட்டுக் குழந்தைக்கு டெங்கு என்று வாட்ஸ்அப் குரூப்பில்தான் தெரிந்தது. எல்லோரும் கைகூப்புகிற பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன்.

அப்புறம் மனசு கேட்கவில்லை. படியேறிப் போய்க் கதவைத் தட்டி, "உங்க பால்கனி தொட்டியெல்லாம் கொஞ்சம் பாக்கலாமாங்க?" என்று கேட்டேன். குழந்தையின் அம்மா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

எங்கள் லைனில் யாரும் கேட்டதே இல்லை. நேராக உள்ளே வந்து மூடியைத் திறந்துவிடுவார்கள்.