ஒரு கூடையில் மூன்று லாஞ்சு மீன்

துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் ட்ரெய்லர் ஓட்டினேன். முட்டி போய்விட்டது. வேலையை விட்டேன். பி.எஃப். பணம் மொத்தமாக வந்தது. அத்தனை பணத்தை நான் ஒன்றாகப் பார்த்ததில்லை. மகளை நர்சிங் சேர்க்க இருந்தோம். ஜூன் கடைசிக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும். அதற்கும் இந்தப் பணம்தான்.

என் தோஸ்து ஒருவன் விசைப்படகு வாங்கப் போனான். நாங்கள் லாஞ்சு என்போம்.

"மாமு, மொத்தத்தையும் போடு. தடைக்காலம் முடிஞ்சி ரெண்டு ட்ரிப்பு போனா போதும், துட்டு கொட்டும்" என்றான். தலையாட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரி காசிமேட்டில் ஏலம் எடுத்து, திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். ஒரு கூடை நிரப்ப மூன்று லாஞ்சில் எடுப்பாள். மேலே மின்னும் மீன், அடியில் நசுங்கிக் கிடக்கலாம். கொட்டினால்தான் தெரியும். நெத்திலி மலிந்த நாளில் கூடுதலாக வாங்கி உப்புப் போட்டுக் காய வைப்பாள். லாஞ்சுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தில் அந்தக் கருவாட்டில்தான் வீடு ஓடும். இருபது வருடமாகப் பார்க்கிறேன். பணத்துக்கும் அதுதான் என்று எனக்குத் தோன்றவில்லை. மொத்தத்தையும் லாஞ்சில் போடக் கூடாது என்றாள்.

"இன்னாமே, லாஞ்சு ஓடாதுன்றியா?"

"ஓடும்யா. ஓடாட்டி? பொண்ணு ஃபீஸுக்கு உன் முட்டிய வித்தா கட்டுவ?"

மறுநாள் என்னை டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் இருக்கும் பேங்குக்கு இழுத்துப் போனாள். ஆபீசர் சின்ன வயதுப் பெண். மியூச்சுவல் ஃபண்டு பேப்பரை நீட்டினாள்.

"இது வுயுந்தா எம்மாம் வுயும் கண்ணு?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

"சில வருஷம் நல்லாவே இறங்கும்மா. ஏழெட்டு வருஷம் தொடாம விடணும்."

"நடுவுல அவசரம்னா?"

"எடுக்கலாம். நஷ்டத்துல எடுக்க வேண்டி வரலாம்."

"அப்ப ஃபீஸு துட்டு அதுல வாணாம். உனுக்கு இதுல இன்னா கமிசன்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதையும் சொன்னாள். நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. கையெழுத்துப் போடு என்றால் போடுவேன்.

ஃபீஸும் ஆறு மாத வீட்டுச் செலவும் ஃபிக்சட் டெபாசிட்டில் வைத்தாள். கொஞ்சம் தங்கக் காசு வாங்கினாள். பெரிய கம்பெனிகள் பலதிலும் பிரித்துப் போடும் ஃபண்டுக்கு மாதாமாதம் சின்னத் தொகை. மிச்சம்தான் லாஞ்சுக்கு. கால் பங்குகூட வராது. தோஸ்து ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஜூன் நடுவில் தடைக்காலம் முடிந்தது. கடலுக்குப் போன மூன்றாம் நாளே இஞ்சின் உடைந்து லாஞ்சைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். சரி செய்ய மூன்று மாதம் ஆகும் என்றார்கள். ஃபண்டும் அப்போது பார்த்து இறங்கியது.

"மொத்தமும் எறங்கிகினு கீது. எடுத்துடலாமா?" என்றேன்.

"நெத்திலி மலிஞ்சா கூடையத் தூக்கிப் போட்டுட்டா வர்றேன்? சொம்மா கெட."

ஜூன் கடைசியில் நான்தான் காலேஜுக்குப் போய்ப் பணம் கட்டினேன். யாரிடமும் கை நீட்டவில்லை. நேராக மார்க்கெட்டுக்குப் போய் ரசீதைக் கொடுத்தேன். செதிள் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கினாள்.