ஐந்தருவியில் பறக்கப் பழகியவன்

சாரல் நன்றாகக் கட்டியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவியில் ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்து விசில் அடித்தார்.

அருவிக்குள் கூட்டத்தோடு கூட்டமாக நின்றிருந்தால் அவர் ஏன் விசில் அடிக்கப் போகிறார்? நான் அருவிக்கு வெளியே, ஈரப் பாறை ஒன்றின் மேல், இரண்டு கைகளையும் அகல விரித்து, ஒரு காலைப் பின்னால் தூக்கிக்கொண்டு நின்றிருந்தேன். எண்ணெய் தேய்த்த தொப்பையோடு.

"அண்ணாச்சி! அங்கன என்ன டான்ஸா ஆடுதிய? வழுக்குனா மண்டை போயிரும். இறங்குங்க கீழ!"

"பறக்கப் பழகுதேன் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் துண்டோடு நின்ற நண்பன் குற்றாலிங்கத்திடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கூட வந்தது நீங்கதானா? பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

வாசகர்களே, அவர் நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை. எனக்கு மூளை நன்றாகத்தான் இருந்தது. பயம்தான் எல்லை மீறிப் போயிருந்தது.

விஷயம் இதுதான். என் மகள் கோமதி ஐதராபாத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். ஒரு நாள் வீடியோ காலில் வந்து, "அப்பா, நான் ஸ்கைடைவிங் கத்துக்கப் போறேன்" என்றாள்.

டைவிங் என்ற வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. "நல்லதும்மா. தண்ணி சுத்தமா இருக்கான்னு பாத்துக்கோ" என்றேன்.

"தண்ணில இல்லப்பா. பிளேன்ல இருந்து."

பயிற்சியாளர் ஒருவர் முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு குதிப்பாரே... அந்த மாதிரியோ என்று ஒரு சின்ன நம்பிக்கை. அதுவும் இல்லை. முறையாகக் கற்றுக்கொண்டு, கடைசியில் தன்னந்தனியாகக் குதிக்க வேண்டுமாம்.

அடுப்படியில் இருந்த என் மனைவி உலகம்மாள், கரண்டியோடு வந்து செல்போனுக்கு முன்னால் நின்றாள்.

"எங்க போயி குதிக்கதா இருந்தாலும் கல்யாணத்துக்கு அப்புறம் குதி, ஏட்டி. அப்ப அது மாப்பிள்ளை பாடு."

"நேராப் போயி குதிக்க மாட்டேம்மா. மொதல்ல விண்ட் டனல்ல பழகணும். பெரிய கண்ணாடிக் கூண்டு. கீழ இருந்து காத்து அடிக்கும். அதுமேல குப்புறப் படுத்து மிதக்கணும். ஒடம்பு அதுக்குப் பழகிட்டுன்னா, வானத்துல போயி பதறாது."

உலகம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். எங்கள் வீட்டில் அவள் யோசித்தால் தீர்ப்பு வரப்போகிறது என்று அர்த்தம்.

"சரி. ஒங்கப்பா வந்து அந்த டனலுக்குள்ள பறந்து பாக்கட்டும். அவிய சரின்னு சொன்னா எனக்கும் சரி. அவிய வேண்டாம்னு சொல்லிட்டா, நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் கோமதி. கண நேரம்கூட யோசிக்கவில்லை. சொந்தமாகச் சம்பாதிக்கிற பெண். எங்களைக் கேட்காமலே போயிருக்கலாம். கேட்கிறாள். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனால் தவழ்ந்து போகிறவன் நான். திருவிழா ராட்டினத்தில் பாதி உயரத்தில் கத்தி, ராட்டினக்காரரே நிறுத்தி என்னை இறக்கிவிட்டது தென்காசியில் பலருக்கும் தெரியும். ஆகவே என் பதில் அப்போதே தயார். வேண்டாம். அவ்வளவுதான். ஆனால்... அதைச் சொல்வதற்காவது அந்த டனலுக்குள் போய், உயிரோடு வெளியே வர வேண்டுமே?

இந்த இடத்தில்தான் குற்றாலிங்கம் வருகிறான். தென்காசியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். தனக்குத் தெரியாத விஷயம் என்றால் அவனுக்கு உற்சாகம் பிறந்துவிடும்.

"காத்துக்காக ஐதராபாத் போணுமா வே? ஆடி மாசம் செங்கோட்டை ரோட்டுல குடையை விரிச்சிட்டு நில்லும். பாவூர்சத்திரத்துல கொண்டுபோயி இறக்கிரும்."

"வெளையாடாத. உள்ள போயி பறக்கப் போறது நாந்தான்."

"சரி, நான் ஒண்ணு கேக்கேன். காத்து என்ன செய்யும்? அமுக்கும். அருவி என்ன செய்யும்? அதுவும் அமுக்கும். அருவியில அசையாம நிக்கப் பழகிட்டேருன்னா முடிஞ்சுபோச்சு. நம்ம ஊருக்காரனுக்கு எதுக்கு வே தனியா ட்ரெயினிங்?"

பயத்தில் இருப்பவனுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும். போனேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். கூட்டத்தில் புகுந்து, பாதுகாப்புக் கம்பியை இறுக்கிப் பிடித்து, தலையைக் குனிந்து, கழுத்தைத் தோளுக்குள் இழுத்து, முதுகைக் கொடுத்து நின்றேன். அருவி தட்டித் தள்ளியது. அசையவில்லை.

"அசையல வே! இனி எந்தக் காத்தும் ஒம்மள ஒண்ணும் செய்யாது" என்று வெளியே நின்று சர்டிபிகேட் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் கையை விரித்துக் காட்டச் சொன்னான். பிறகுதான் விசில்.

ஐதராபாத்.

கோமதி என்னை அந்த இடத்துக்கு அழைத்துப் போனாள். மெஸ்ஸில் வைக்கிற தண்ணீர் டம்ளரை ஒரு ராட்சசனுக்காகக் கண்ணாடியில் செய்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. அடியில் கம்பி வலை. அதற்கும் கீழே இருந்து காற்று. உள்ளே ஒரு பையன் மீன் மாதிரி மிதந்துகொண்டிருந்தான். எனக்கு முழங்காலில் ஆரம்பித்த நடுக்கம், மாடிப்படியில் ஏறுகிறவரைப் போல ஒவ்வொரு படியாக மேலே வந்தது.

பயிற்சியாளர் பிஜு முதலில் வகுப்பு எடுத்தார். உள்ளே காற்றுச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது, எல்லாம் கை ஜாடைதான். இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்டு. மடக்கினால் காலை மடக்கு. கட்டை விரலையும் சுண்டு விரலையும் மட்டும் நீட்டி ஆட்டினால், ரிலாக்ஸ். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

மாட்டிக்கொள்ள ஒரு முழு உடை, ஹெல்மெட், கண்ணாடி, காதுக்குப் பஞ்சு. வாசலில் நிறுத்தினார்கள். கையை மடித்து, அப்படியே முன்னால் சாய வேண்டும். யோசித்துப் பாருங்கள்... இத்தனை வருஷமும் முன்னால் சாயாமல் இருக்கத்தானே கஷ்டப்பட்டோம்?

சாய்ந்தேன். பிஜு தள்ளினார் என்பதே உண்மை.

காற்று முகத்தில் அடித்ததும் மூளை அணைந்துவிட்டது. ஆனால் உடம்புக்கு ஒரே ஒரு பாடம் தெரியும். தலையைக் குனிந்தது. கழுத்தைத் தோளுக்குள் இழுத்தது. முதுகை வளைத்தது. கம்பியைத் தேடியது. கம்பி எங்கே? கிடைத்தது பிஜுவின் கழுத்து. விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து வலையில் விழுந்தோம். எழுந்தோம். கண்ணாடியில் மோதினோம். மறுபடி விழுந்தோம்.

பிஜு என் முகத்துக்கு நேரே இரண்டு விரலை நீட்டினார்.

வகுப்பில் சொன்னது ஒன்றும் ஞாபகம் இல்லை. இரண்டு விரல் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் என்ன அர்த்தம்? ரெண்டுக்கு! 'அவசரமா?' என்று கேட்கிறார் போல. இவ்வளவு கரிசனமா என்று கண் கலங்கிப்போய், 'இன்னும் இல்லை சார், ஆனால் நெருங்கிவிட்டது' என்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.

அடுத்து கட்டை விரலும் சுண்டு விரலும். ஆட்டிக் காட்டினார். எங்கள் ஊரில் அதைச் சாயங்காலம்தான் காட்டுவார்கள். 'ஒரு கட்டிங் போடுவோமா?' இந்த நிலைமையிலா? ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் கிடைத்திருந்தால் மறுத்திருக்க மாட்டேன்.

வெளியே இழுத்துப் போட்டார்கள். பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். பிஜு தன் கழுத்தைத் தடவிக்கொண்டே பக்கத்தில் வந்தார். அதுவரை இங்கிலீஷில் பேசிய மனிதர், மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"சாருக்கு வீடு எவிடெ?"

"தென்காசி."

"அதாணு!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குப் புனலூர். சின்ன வயசிலே எல்லா வருஷமும் குற்றாலத்துக்கு வந்து குளிக்கும். சாரே, நீங்க உள்ளே அருவியில நிக்கிற மாதிரி நின்னீங்க!"

பக்கத்தில் நின்ற கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அருவி மேலே இருந்து வரும். அதுக்கு முதுகு கொடுக்கணும். இவிடெ காத்து கீழே இருந்து வரும். நெஞ்சு கொடுக்கணும். தலை தூக்கு, வயிறை முன்னாலே தள்ளு. கை சும்மா விடு. எதையும் பிடிக்கக் கூடாது. பிடிக்க இங்கே ஒண்ணும் இல்ல சாரே."

வயிற்றை முன்னால் தள்ளு என்றால் எனக்குக் கஷ்டமில்லை. அது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம்தான் கஷ்டம்.

இரண்டாம் தடவை சாய்ந்தேன். குனியப் போன தலையை வலுக்கட்டாயமாகத் தூக்கினேன். பிடிக்கத் துடித்த கையை விட்டேன். ஒரு கணம்... இரண்டு கணம் இருக்கும்... யாரும் தொடாமல் மிதந்தேன். சந்தோஷமாக இருந்ததா என்று கேட்கிறீர்களா? இல்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயந்துகொண்டே மிதக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வெளியே வந்து பிஜுவைக் கேட்டேன். "இங்க நல்லா மிதந்துட்டா, மேல இருந்து குதிச்சாலும் ஒண்ணும் ஆகாதுல்லா?"

"இது உடம்பு நேரா வைக்க மட்டும் சாரே. குடை விரிக்கறது, எறங்கறது எல்லாம் வேற படிக்கணும். அது டனல் சொல்லித் தராது."

கேட்காமலே இருந்திருக்கலாம். வேண்டாம் என்ற பதில் என் வாயில் இன்னும் பத்திரமாகத்தான் இருந்தது.

அடுத்து கோமதியின் முறை. வாசலுக்குப் போகும் முன் என் கையைப் பிடித்தாள்.

ஐஸ் மாதிரி இருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று இப்படித்தான் கடித்தாள்.

"பயமா இருக்காடா?"

"ரொம்பப்பா. புதுசா எது செஞ்சாலும் இருக்கும். சிரிக்காதீங்க."

நான் எங்கே சிரிக்க? இத்தனை நாளும் இவளுக்குப் பயமே கிடையாது என்றல்லவா நினைத்திருந்தேன்! பயமில்லாத பிள்ளையை எப்படி ஆகாயத்தில் விடுவது என்பதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. இவளோ என்னைப் போலவே நடுங்குகிறாள்.

நடுங்கிக்கொண்டே சாய்ந்தாள்.

முதலில் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடியில் தோள் இடித்தது. நான் பெஞ்சில் இருந்து எழுந்துவிட்டேன். அவள் பதறவில்லை. பிஜுவின் விரலை மட்டும் பார்த்தாள். அவர் ஒரு விரலை மேலே காட்டினார். அவள் தலையைத் தூக்கினாள். கால்களைக் கொஞ்சம் மடக்கினாள். சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்தாள். மெல்ல மெல்ல நடுவுக்கு வந்து நின்றாள். கண்ணாடிக்குள் என் மகள், எதையும் பிடிக்காமல்.

கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

சாயங்காலம் உலகம்மாள் போன் செய்தாள். கோமதி பக்கத்திலேயே உட்கார்ந்து, கேட்காதது மாதிரி நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுதிய? வேண்டாம்தானே?"

"உலகு..."

"சத்தமாச் சொல்லுங்க. அவளும் கேக்கட்டும்."

"போகட்டும் உலகு. சரின்னு சொல்லுதேன்."

மறுமுனையில் மிக்ஸி ஓடி நின்றது. கோமதி என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க... கண்டமேனிக்குப் பயப்படுவிய, வந்து வேண்டாம்னு சொல்லிருவியன்னு, ஒங்க பயத்த நம்பித்தானே ஒங்கள அனுப்புனேன்? கல்யாணம் ஆனதுல இருந்து அது ஒண்ணுதான் என்னைக்கும் என்னைய ஏமாத்தாம இருந்துச்சு. இன்னைக்கு அதுவும் ஏமாத்திட்டு."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சரி விடுங்க. சொன்ன சொல்லு சொல்லுதான். போட்டும்." மிக்ஸி மறுபடி ஓடி நின்றது. அழுகிறாளோ என்று நினைத்தேன். பிறகு கேட்டாள். "குதிக்கவளுக்குப் பழகிப் பாக்க டனல் இருக்கு. கீழ நின்னு அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கணுமே நாம... அதுக்கு எங்கயாச்சும் பழக்கிக் குடுக்காவளா?"

விசாரித்துவிட்டேன். இல்லையாம்.