கொடியேற்றத்துக்கு உடுத்திய சீருடை

நான் பொய் சொன்னேன். ஒரு தகப்பனின் முகத்தைப் பார்த்து, அவர் மகளின் படிப்பையே திருப்பிவிட்ட பொய்யைச் சொன்னேன். அந்தப் பொய்யை என் மகனுக்கு உடுத்தியும் விட்டேன்.

நீங்கள் என் பேச்சைக் கேட்டிருக்கலாம். எங்கள் ஆசிரியர் சங்கத்தில் தேசியக் கல்வி பற்றி வகுப்பெடுத்தவன் நான். நிலக்காரர் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஊர் அரசுப் பள்ளியில், ஒரே பெஞ்சில், தாய்மொழியில் படிக்க வேண்டும். அந்தப் பெஞ்சில்தான் தேசம் உருவாகும். இதுவே எங்கள் தத்துவம். இன்றும் அதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. மறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு எளிதாகப் போயிருக்கும்...

ஆந்திரத்தில் வடமாலபேட்டைப் பக்கம், தமிழர்கள் வாழும் ஒரு சிற்றூரில், தமிழ்வழித் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தேன். வீடு புத்தூரில். என் மகன் திருப்பதியில் விடுதியில் தங்கி ஆங்கிலவழியில் படித்தான். ஊருக்கு அது தெரியாது.

பள்ளியில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். இன்னும் சிலர் போனால் மூடிவிடுவார்கள் என்ற நிலை. சுதந்திர தினம் வந்தது. சங்கத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். அன்று உறுப்பினர்கள் தங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிச் சீருடையில் கொடியேற்றத்துக்கு அழைத்து வரவேண்டும், ஊர் பார்க்கட்டும் என்று. வீட்டுக்கு வந்திருந்த மகனுக்கு ஒரு சீருடையை வாங்கி மாட்டினேன்.

"நைனா, இது என் ஸ்கூல் டிரஸ் இல்லியே."

"ஒரு நாளைக்குத்தான்டா."

மிட்டாய் கொடுத்து முடிந்ததும் கோவிந்தன் வந்தார். கரும்பு வெட்டப் போகிறவர். அவர் மகள் கௌரி மூன்றாம் வகுப்பு. கணக்கில் அவளை முந்த ஆளில்லை.

"சார், கான்வென்ட்டு வேன்காரன் கேட்டுக்கினே கீறான். கௌரிய இங்கிலீசுல போட்டுடலாம்னு ஊட்ல சொல்லுது. நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் மகனின் தோளில் கை வைத்தேன். "இவனே தமிழ்லதான் படிக்கிறான் கோவிந்தா. புத்தூர்ல, கவர்மென்ட் ஸ்கூல்ல."

கோவிந்தன் அந்தச் சீருடையைப் பார்த்தார். "அப்போ சரி சார். வாத்தியார் புள்ளைக்கு ஆவறது எம் பொண்ணுக்கு ஆவாதா?" என்று சிரித்தார். மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

கௌரி எங்கள் பள்ளியிலேயே நின்றாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். பள்ளி பிழைத்தது.

பிறகு கௌரி போய்ச் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழிக் கணக்கு ஆசிரியர் ஓய்வுபெற்றார். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. கௌரியைத் தெலுங்குவழி வகுப்பில் உட்கார வைத்தார்கள். பத்தாம் வகுப்பில் அவள் தோற்றது கணக்கில். அதோடு படிப்பு நின்றது. ஆசிரியரைப் போடச் சொல்லி நாங்கள் தர்ணா செய்தோம். செய்தோம்தான்... என் மகன் அப்போது சென்னையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான்.

தத்துவம் பிழையா? இல்லை. அதைக் காப்பாற்ற ஒரு பிள்ளையைப் பணயம் வைக்க வேண்டியிருந்தது. என் பிள்ளையை ஒளித்துவிட்டு, கோவிந்தனின் பிள்ளையை வைத்தேன்.

ஓய்வுபெற்ற பின், திருப்பதியில் நடந்த சங்க வகுப்பில் எழுந்து நின்று இதைச் சொன்னேன். "மாஸ்டரு, இத்த வெளிய சொல்லிடாதீங்க. ஏற்கெனவே நம்மள பாத்து சிரிச்சிக்கினு கீறானுங்க" என்றார் இளம் செயலாளர். "அவனவன் புள்ள எங்க படிக்குதுன்னு பாத்தா இங்க டீ குடிக்கவே ஆளு மிஞ்சாது" என்றது பின்வரிசை. எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வகுப்பையும் நானே எடுப்பதென்று முடிவாயிற்று. எடுத்தேன்.

பிறகு கௌரியைத் தேடிப் போனேன். திருப்பதியில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறாள். அன்று சொன்ன பொய்யை அவளிடம் ஒப்புக்கொண்டேன். படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"எங்க நைனா சாவற வரிக்கும் உங்க புள்ளைய பத்திதான் பேசிக்கினு இருந்தாரு" என்றாள். விரிப்பைக் கட்டிலில் வைத்துவிட்டு, "பொய் உங்க புள்ளைய பத்திதானே சார்? ஸ்கூல பத்தி சொன்னதும் பொய்யா?"

"இல்லம்மா."

"அப்போ எம் பொண்ண எங்க சேக்கறது? இந்த வாட்டியாவது நெசத்த சொல்லுங்க."

தமிழ்ப் பள்ளி என்றால், அவள் வீட்டிலிருந்து இன்னொரு பிள்ளையைப் பணயம் கேட்கிறேன். ஆங்கிலம் என்றால், வாழ்நாளெல்லாம் சொன்னதை நானே மூடுகிறேன். யோசித்துச் சொல்வதாக எழுந்து வந்துவிட்டேன். அவள் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவில்லை. பள்ளி திறந்த பிறகுதான் எடுத்தேன்.

"சேத்துட்டேன் சார். அம்மா ஊட்ல வுட்டு, நம்ம ஸ்கூல்லயே. நீங்க மாத்தி ஒண்ணும் சொல்லலியே."

அங்கே இப்போது ஒரே ஆசிரியர். அதனால் நான் காலையில் பஸ் ஏறிப் போய்க் கணக்குச் சொல்லித் தருகிறேன். கௌரியின் மகள் அம்மாவைப் போலவே விரல் விடாமல் கூட்டுகிறாள். என்னால் முடிந்த பரிகாரம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

சென்ற மாதம் கேட்டருகே ஒரு தகப்பனார், எங்கள் பள்ளியில் படித்த தன் இரண்டு பிள்ளைகளோடு நின்று கேட்டார்; இளையவன் கௌரியின் மகளோடு ஒரே பெஞ்சு: "சார் பேரன் எங்க படிக்கிறாரு?"

"சென்னையில. இங்கிலீஷ் மீடியம்" என்றேன். பிள்ளையைச் சேர்க்கும் ஒரு தகப்பனிடம் முதன்முறையாக உண்மை.

அந்த வாரமே அவர் இரண்டு பிள்ளைகளையும் கான்வென்ட் வேனில் ஏற்றிவிட்டார். முதல் வகுப்புப் பெஞ்சில் கௌரியின் மகள் இப்போது தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.