மல்லாட்டைச் சனம்

கீழ்பென்னாத்தூர்க்காரன் கையில் மல்லாட்டை கிடைத்தால் வாய் சும்மா இருக்காது. நிலக்கடலை என்று சொல்லிப் பாருங்கள், ஏதோ கடைச் சரக்கு என்று நினைப்பான். மல்லாட்டை என்றால்தான் நாக்கு ஊறும். சர்வேயர் கோதண்டராமனும் அந்த மண்தான். நாற்பத்தெட்டு வயதில் அவர் மானத்தை வாங்கியதும் அந்த மல்லாட்டைதான்.

மனுஷருக்குக் குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு பைத்தியம் உண்டு. திருவண்ணாமலை வீட்டு மாடியில், கட்டில் அகலப் பலகையில், ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரை நடத்திக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் நுனி உயரத்துக்குப் பொம்மைச் சிப்பாய்கள். பெல்ட், பொத்தான் எல்லாம் அவரே தீட்டியது. ஆறு மாதமாக ஞாயிறுதோறும் மூக்குக்கண்ணாடிக் கடை எழில் எதிர்ப்படையின் தளபதியாக வந்து உட்காருவான். பகடை விழுகிறபடி ஊர் பிடிபடும், பாலம் உடையும். “இங்க இருக்கிற வரப்புத் தகராறு பத்தாதுன்னு ஸ்பெயினுக்கு வேற போய் அளக்கிறாரு” என்பாள் மனைவி சரோஜா.

ஊரை விட்டு ஓடும் பொதுமக்களுக்கு மட்டும் பொம்மை இல்லை. இருநூறு சிப்பாய்க்குப் பொத்தான் வைத்தவருக்கு அவர்கள் என்றால் சோம்பல். வறுத்த மல்லாட்டையை உரித்துச் சாலையில் வரிசையாக வைத்துவிட்டார். குண்டு விழுந்த இடத்துப் பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். ஆட்ட விதியில் அது கிடையாது, இவர்கள் சேர்த்துக்கொண்டது.

அந்த மாதம் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் சின்னசாமி. சண்டை உச்சத்தில் இருந்தபோது இலங்கையிலிருந்து குடும்பத்தோடு படகேறி வந்து, பல வருஷமாக அகதி முகாமில் இருப்பவர். பிரஷ் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் வாயால் ஒரு ‘நல்லாயிருக்கு’ வாங்கிவிட வேண்டும் என்று கோதண்டராமனுக்கு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் நடுவிலேயே அவரை மாடிக்குக் கூப்பிட்டு, கிண்ணத்திலிருந்து ஒரு கை மல்லாட்டையும் கொடுத்தார்.

சின்னசாமி இரண்டு பருப்பை மென்றுகொண்டே குனிந்து பார்த்தார். “பொத்தானெல்லாம் அச்சா வந்திருக்கு சார்” என்றார். கோதண்டராமனுக்குத் தலைகால் புரியவில்லை.

“சனம் எங்க சார்?”

“தோ, ரோட்டுல கீதே மல்லாட்டை, அதாங்க ஜனம்” என்று எழில் ஒன்றை எடுத்து வாயில் போட்டான். “குண்டு வுழுந்துச்சுன்னா இப்டி.”

சின்னசாமியின் வாய் நின்றது. கோபப்படவில்லை. கையில் மிச்சமிருந்த பருப்பை அப்படியே பலகையின் மேல் வைத்தார். பிறகு சாலையில் இருந்தவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, பச்சைப் பஞ்சு ஒட்டிய காட்டுக்குள் நகர்த்தினார். “ரோட்டால போனா ஷெல்லடிப்பாங்கள் சார். சனம் காட்டாலதான் போகும்” என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

கோதண்டராமனுக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்னாலேயே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. எழிலும் “அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாண்ணா” என்று நழுவினான். அவர் தனியாக உட்கார்ந்து, என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே இருந்தார். யோசனையில் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. காடு காலியானபோது கடைசிப் பருப்பு அவர் பல்லுக்கிடையில் இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சீ, இதுவும் ஒரு வாயா என்று தன்னையே காறித் துப்பலாம் போலிருந்தது.

மறுநாள் சின்னசாமி ஏணியில் நின்றபடி, சிரித்த முகமாகவே கேட்டார். நேற்று முகம் கொடுக்காமல் போனதைச் சரிக்கட்டத்தான் கேட்டிருப்பார்.

“என்ன சார், அந்தச் சனம் போய்ச் சேர்ந்துதா?”

“சேந்துட்டாங்கங்க.”

பிரஷ் சுவரில் நின்றது. “எல்லாருமா?”

கோதண்டராமன் தரையைப் பார்த்துக்கொண்டு, “எல்லாரும்” என்றார்.